லேத்தில் தொங்கிய சிவப்பு அட்டை

குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்கிற ஆள் நான். நீங்கள் கொடுத்த டீக்கும் அதைத்தான் செய்திருப்பேன். இந்தக் கல்லூரி விசாரணை அறையில் குழாய் இல்லாததால் கைக்குட்டையால் துடைத்து வைத்திருக்கிறேன். இரும்பு கடையும் லேத்தின் பல்சக்கரத்தை உடைத்தது யார் என்று கேட்கிறீர்கள். பதிலுக்கு முன்னால் ஆளைத் தெரிந்துகொள்வது நல்லது.

பொறியியல் மாணவர்கள் கைவேலை பழகும் கூடத்துக்குப் பதினோரு வருடமாக நான் பொறுப்பாளன். பன்னிரண்டு எந்திரங்கள். சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்திருக்கிறேன். ஒரு சாமான் திரும்பி வரவில்லையென்றால் அந்த இடம் பொக்கை வாய் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். வாசலில் இன்னொரு பலகை: 'விபத்து இல்லாத நாட்கள்.' காலையில் முதல் வேலையாக அதில் எண்ணை மாற்றுவேன். இன்றைக்கு நாலாயிரத்துப் பன்னிரண்டு.

இப்படிப்பட்ட இடத்துக்குள் மாணவர்களை விட்டால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலைதான். நூலிழை அளவு பார்க்கும் வெர்னியரால் சோடா மூடி திறந்தவனை என் கண்ணால் பார்த்தேன். பிளாஸ்டிக் உருக்கி உருவம் செய்யும் எந்திரத்தை மூன்று நாள் விடாமல் ஓட்டி ஒரு தவளை செய்தார்கள். எதுக்குப்பா என்று கேட்டால், "சும்மா சார்" என்றார்கள். சும்மாவாம்!

ஒரு நாள் லேத்தின் பெல்ட் நிஜமாகவே அறுந்தது. 'பழுது, தொடாதே' என்று சிவப்பு அட்டை மாட்டினேன். அட்டையை மாட்டினவர்தான் கழற்ற வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். நான்கு நாள் யாரும் கிட்டே வரவில்லை. இரும்புச் சுருள் இல்லை, எண்ணெய்க் கைரேகை இல்லை, அப்படி ஒரு பளபளப்பு. ஐந்தாம் நாள் பெல்ட் வந்தது, போட்டேன், ஓடியது. அட்டையைக் கழற்றக் கை நீட்டினேன். கை வரவில்லை.

பிறகு லேசர் வெட்டியும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே என்று தோன்றியது. அப்புறம் இரும்பைத் தேய்க்கும் அரவை எந்திரம். ஒரு வருடத்தில் ஒன்பது அட்டைகள் தொங்கின. மாணவர்களுக்கு அட்டைப்பெட்டி, கத்தரிக்கோல், பசை தாராளமாகக் கொடுத்தேன். பார்வையிட வந்தவர்கள், "எந்திரமெல்லாம் புதுசா வாங்கினதா?" என்று வியந்து பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி மட்டும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டு மிக்சிக்கும் ஒரு அட்டை மாட்டுங்க, நானும் கொஞ்ச நாள் உட்கார்ந்துக்கறேன்" என்றாள். அவளுக்கு எந்திரத்தின் அருமை தெரியாது.

அப்போதுதான் அந்தக் கடைசி வருடப் பெண் வந்தாள். குடைச்சல் என்று பெயர் வைத்தேன், மனதுக்குள்தான்.

"சார், அப்பாவுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. எழுந்திரிக்க முடியல. அவரைத் தானா தூக்கிவிடற நாற்காலிதான் என் புராஜக்ட். எல்லாம் முடிஞ்சது. ஒரே ஒரு திருகுத் தண்டு மட்டும் லேத்துல கடையணும்."

"பெல்ட் போச்சும்மா."

அடுத்த மாதம் பேரிங் போயிற்று. அதற்கடுத்த மாதம் மோட்டார். பிறகு ஆள் வரணும் என்றேன். வெளியில் கடைந்துகொள்ளவும் வழியில்லை. புராஜக்ட் பாகங்களை இந்தக் கூடத்தில் சொந்தக் கையால்தான் செய்ய வேண்டும் என்று விதி. எழுதியது நான்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஏழு மாதம் ஓடியது. தற்பெருமை இல்லை, நல்ல பராமரிப்பு.

ஐந்தாம் மாதம் அவள் அப்பா நாற்காலியிலிருந்து தானே எழப் பார்த்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது. பாவம்தான். ஆனால் எலும்பு ஒட்டிக்கொள்ளும். எந்திரத்தில் ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான். நடந்தது வீட்டில் என்பதால் வாசல் பலகையில் எண்ணைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் மாதம் அவள் துறைத்தலைவரின் கையெழுத்தோடு வந்து நின்றாள். "ஆள் வரவே வேணாம் சார். மேனுவல் முழுக்கப் படிச்சிட்டேன். திங்கக்கிழமை நானே திறந்து ரிப்பேர் பண்றேன்."

என் நிலைமையை யோசியுங்கள். திறந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கும். பதினோரு வருடப் பெயர் என்னாவது? ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனேன். பல்சக்கரப் பெட்டியைத் திறந்து, உளியை வைத்து, ஒரே அடி. ஒரு பல் தெறித்து உள்ளே விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுத்தியலை அதன் இடத்தில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவள் திறந்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"சார், இது ஏழு மாசத்துக்கு முன்னாடி உடைஞ்சது இல்ல. உடைஞ்ச இடம் இன்னும் பளபளன்னு இருக்கு, எண்ணெய்கூட ஏறல."

நான் பதிவேட்டில், 'மாணவி திறந்தபின் பல் உடைந்திருப்பது காணப்பட்டது' என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதைப் படித்துவிட்டு அவள்தான் உடைத்தாள் என்று நீங்கள் முடிவு கட்டி, தேர்வு முடிவை நிறுத்தி வைத்தீர்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்போது நீங்கள் கேட்கவில்லை.

அந்தப் பெண் சும்மா இருந்தாளா? தெருமுனைப் பட்டறையில் உட்கார்ந்து, பத்து நாளில் புதுச் சக்கரம் வெட்டி வந்து பொருத்தினாள். நேற்று லேத் ஓடியது. பொறாமைதான் வந்தது, ஒளிப்பானேன். என்னிடம்கூட அது அவ்வளவு அமைதியாக ஓடியதில்லை. பிறகு என் மேசைக்கு வந்து அந்த உடைந்த பல்லை வைத்தாள்.

"உங்க சாமான் சார். வச்சுக்கங்க."

அழவில்லை, திட்டவும் இல்லை. அவள் போன பிறகு பல்லை எடுத்துக்கொண்டு என் சுவர்ப் பலகை முன்னால் நின்றேன். எல்லாச் சாமானுக்கும் அங்கே இடம் உண்டு, இதற்கு மட்டும் இல்லை. மேசையிலும் வைக்க முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடும் முன்னே நானாக வந்தேன். இதோ, டம்ளருக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

ஆமாம், உடைத்தது நான்தான். ஒன்பது அட்டையும் பொய்தான். அந்தப் பெண்ணின் தேர்வு முடிவைக் கொடுத்துவிடுங்கள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. தண்டு கடைவது முக்கால் மணி நேர வேலை. தாராளமாக வந்து கடைந்துகொள்ளட்டும், அவள் அப்பா நல்லபடியாக எழுந்து நிற்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். புதுச் சக்கரம் இல்லையா, கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்பதுதான் நல்லது. அதற்காகத்தான் இங்கே வருவதற்கு முன்னால் லேத்துக்கு ஓர் அட்டை மாட்டிவிட்டு வந்தேன்.