ஒரு கிடங்குக்கு ஆறு ஆள்

— உட்காருண்ணே. கீழே காவலாளி உன்னை ஒரு மணி நேரம் நிக்க வச்சுட்டானாமே.

— நிக்கிறது எனக்குப் புதுசா, பாப்பா? முப்பது வருஷம் கப்பலடியில மூட்டையோட நின்னவன். உன் நாற்காலிதான் பயமா இருக்கு, உட்கார்ந்தா ஆளையே உள்ள இழுத்துக்குது. ஊரு உலகத்துக்கே கடன் கொடுக்கிற வங்கியோட தலைவின்னா சும்மாவா.

— பத்து மணிக்குக் கையெழுத்து. அமைச்சர் வந்துடுவார். சொல்லு.

— அந்த நாலாவது நிபந்தனையை அடிச்சுடு. துறைமுகத்துல பாதிப் பேரை வேலையிலேருந்து நிறுத்தினாத்தான் கடன்னு இருக்காமே. பட்டியல்ல என் பையன் பேரும் இருக்கு. அவன் ஒருத்தனுக்காகன்னா வந்திருக்க மாட்டேன். நானூறு குடும்பம், பாப்பா. நேத்து ஒருத்தன் கிரேன் உச்சியில ஏறி உட்கார்ந்துட்டான். அவன் பொண்டாட்டியைக் கூட்டிவந்து கத்தவிட்டுத்தான் இறக்கினோம்.

— நான் நினைச்சா மட்டும் அடிச்சுட முடியாதுண்ணே. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு. சரக்கு இறக்க, கப்பல்ல ஒரு கிடங்குக்கு ஆறு ஆள்.

— அந்த ஆறு எங்கேருந்து வந்துச்சு?

— என் ஆராய்ச்சியிலேருந்து. நீ சொன்னதுதானே? அதுவரைக்கும் எல்லாரும் பத்து, பதினொண்ணுன்னுதான் எழுதியிருந்தாங்க. ஆறுன்னு நான் எழுதினப்புறம்தான் என்னை நிமிர்ந்தே பார்த்தாங்க.

— அதைச் சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு என் தங்கச்சி நோட்டும் கையுமா வந்து, முதல் தடவையா என் வேலையைப் பத்திக் கேட்டா. எனக்குத் தலைகால் புரியலை. ஆறே பேர், ஒரே நாள்ல காலி பண்ணிடுவோம்னு அளந்து விட்டுட்டேன். அத்தனையும் பொய். பதினொரு பேர் வேணும். அப்பவும் எவனாவது ஒருத்தனுக்கு இடுப்பு போயிடும். நீ பட்டம் வாங்கினே, பதவி வாங்கினே. நான் பார்க்கிறவன்கிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேனே தவிர, இதுக்கு வாயைத் திறக்கலை.

— போதும்ணே.

— உன் மேல தப்பே இல்லை. அண்ணன் புளுகினான், நான் நம்பிட்டேன்னு அமைச்சர்கிட்டச் சொல்லு. வேணும்னா நானே வந்து சொல்றேன். அவங்க என்னைக் காறித் துப்பட்டும். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— ஐயோ, என்னண்ணே இது. எழுந்திரு.

— அடிச்சுடறேன்னு சொல்லு, எழுந்திருக்கேன்.

— நீ சொன்ன மறுநாளே நான் துறைமுகத்துக்கு வந்தேன். மதில் ஓரமா நின்னு, சங்கு ஊதுற வரைக்கும் எண்ணினேன்ணே. பதினொரு பேர்தான்.