இடது அணியின் ஓட்டம்

வரலாற்றுப் பாடத்தில் எனக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. லண்டன் தேர்வுக்கு யாங்கோன் பிள்ளைகளைத் தயார் செய்யும் வாத்தியார் நான், பர்மியப் பேச்சில் சயா. அதைத் தவிர்க்க முடிவதில்லை. 1066இல் நார்மன்களோடு சேர்ந்து இங்கிலாந்து மீது படையெடுத்த, பிரான்ஸின் மேற்கு மூலைக்காரரான பிரெத்தோன் பிரபு, ஹேஸ்டிங்ஸ் போரில் தன் ஆட்களோடு ஓடினாரே, அது பயமா, தந்திரமா?

குன்றின் மேல் கேடயம் கோத்து நின்ற ஆங்கிலேயரை அசைக்க முடியவில்லை. இடது அணியில் இருந்த பிரெத்தோன்கள் திரும்பி ஓடினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று துரத்தி இறங்கிய ஆங்கிலேயர்கள் கீழே வெட்டுப்பட்டார்கள். பிரபுவுக்கு அப்புறம் தோற்றவர்களின் நிலம் கிடைத்தது. அந்த ஆளை நினைத்தாலே எனக்குக் குமட்டும். அடுத்தவன் சண்டையில் புகுந்து, அடுத்தவன் வீட்டில் கால் நீட்டிக்கொண்ட ஆள்.

நீங்கள் தவ்ஹீதைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் கீழ்த்தளத்துப் பின்கட்டில் குடியிருந்தேன். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் கட்டில் கால்வரை ஏறும். மாடிக்காரர்கள் பின்சந்தில் வீசும் மீன்குடலும், கூன்யா வெற்றிலை மென்று துப்பிய சிவப்பு எச்சிலும் அதில் மிதந்து வரும். ஒருநாள் சோற்றுத் தட்டில் புழு நெளிந்தது. மூன்றாம் மாடியில் தவ்ஹீதும் அவன் உம்மா நபீஸாவும் இருந்தார்கள். நல்ல காற்று, காய்ந்த தரை.

தவ்ஹீத் என் பழைய மாணவன், இருபத்தாறு வயது. கட்டாய ராணுவச் சேர்ப்பில் பெயர் வந்ததிலிருந்து ஏழு மாதம் படி இறங்கவில்லை. இரும்புக் கதவுக்கு மூன்று பூட்டு. உடைத்தால் மொட்டைமாடி தாண்டிப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுவான் என்று வார்டு அலுவலகத்து ஆள் என்னிடம் குறைப்பட்டார். அவர் வாயிலும் கூன்யா. என் சட்டையில் தெறித்தது. குளித்துவிட்டு வந்துதான் யோசித்தேன். அவனை இறக்க ஒரே வழி, நானும் ஓடுவது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நபீஸாம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், பையோடு மேலே போனேன்.

"தம்பி, மொட்டமாடி வழியா வர்றாங்க. ஒன்ன ஒளிச்சு வச்சேன்னு என்னையும் தேடுறாங்க. நான் தன்லியினுக்குப் போறேன், வா. கீழ டாக்சி நிக்குது."

"உம்மாகிட்ட சொல்லாம எப்புடி, சயா?"

"நான் போன் பண்றேன். வா."

மூன்று பூட்டையும் அவனே திறந்தான். படியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். வேர்த்துப் பிசுபிசுத்த கை, அருவருப்பாக இருந்தது. கீழே ராணுவத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஆறு பேர் நின்றார்கள்.

பதினோரு வாரத்தில் ராணுவத்தில் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. நபீஸாம்மா வீட்டுச் சாவியோடு என்னிடம் வந்தார்.

"எம்புள்ளயக் காப்பாத்தப் போயி நீங்களும் மாட்டப் பாத்தீங்களே, சயா. அல்லா ஒங்களயாச்சும் விட்டு வச்சான். இனி என்னால அங்க இருக்க முடியாது. நீங்க மேல போயி இருங்க."

அவர் மாவ்பியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான் தரையை மூன்று தடவை கழுவிவிட்டுக் குடியேறினேன்.

ஆமாம், நான்தான் அவனை இறக்கினேன். நாளும் நேரமும் நானே குறித்துக் கொடுத்தேன். அந்த வீடு காலியாகும் என்று தெரிந்துதான் செய்தேன். ஆனால் என்னை அந்தப் பிரபுவோடு சேர்த்துப் பேசாதீர்கள். படியில் என் கால்கள் நடுங்கியது நிஜம். உண்மையாகவே பயந்து ஓடியதைத் தந்திரம் என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.