வீராசாமி வைத்துவிட்டுப் போன வெளிச்சம்

1987 டிசம்பரில், திருத்தணிக்கு வெளியே பொதட்டூர்பேட்டை சாலையில் இருந்த ஒரு நூல் கிடங்கின் அலுவலகத்தில், கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தபடியே வீராசாமி என்பவர் இறந்துபோனார்.

நான் சொல்லப்போவது அவரைப் பற்றி அல்ல. அவர் இடத்துக்கு வந்த காஞ்சனாவைப் பற்றி. என் நண்பர் நாகராஜனின் மைத்துனி. விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... கண் கூசுகிறது.

காலை ஐந்தரை மணி. பேருந்து இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கிடங்கு வரை ஆளில்லாத சாலை. உள்ளே நுழைந்தால் கஞ்சி போட்ட நூலின் புளித்த வாடை. நடக்கும்போதே தூங்குகிற களைப்பு அவளுக்கு. கணவனின் தறி நின்றுவிட்டது. ஏப்ரலில் வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கணினியில் ஏற்றும் மூட்டைக் கணக்குப் பதிவில் தப்பு வந்தால் அனுப்பிவிடுவார்கள்.

எப்போதும் நெற்றியில் தலைவலித் தைலம் பூசியிருந்த வீராசாமி, திரையைத் தன் மங்கிய பார்வைக்கு ஏற்றபடி வைத்திருந்தார். வெள்ளைப் பின்னணி, தடித்த கறுப்பு எழுத்து, ஒவ்வொரு விசைக்கும் 'டிக்'. அதைச் சேமித்தும் வைத்திருந்தார். மின்சாரம் போய் வந்தாலும் அதுவே வரும். மற்றவர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுந்து போகும்போது பழையபடி மீட்டு வைத்துவிட வேண்டும். அது அங்கே வழக்கம்.

"கண்ணு எரியுதுங்க சார். கறுப்பா மாத்தி வெச்சிக்கிறேன்," என்றாள்.

"எல்லாருக்கும்தான் எரியுது. எரியாம இருக்கவா சம்பளம் தர்றாங்க?" என்றார் மேற்பார்வையாளர் வேதாசலம். "மாத்திக்கோம்மா. ஆனா போறப்ப பழையபடி வெச்சிடு. அந்தாளு காரியம் முடியட்டும், அப்புறம் உன்னுதா வெச்சிக்கோ."

அவளால் காத்திருக்க முடியவில்லை. காரியத்துக்கு முன்பே ஒருநாள் கறுப்புப் பின்னணி, சிறிய எழுத்து, ஓசை இல்லை என்று மாற்றினாள். சேமித்தாள்.

மறுநாள் காலை திரை வெள்ளையாக இருந்தது. டிக்.

அடுத்த ஷிப்டுக்கு வந்த துளசிங்கத்தைக் கேட்டாள். "ஏண்ணா, நீ மாத்தினியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. நானே தூங்கிகினு டைப் அடிக்கிறேன்."

மறுபடி சேமித்தாள். மறுபடி வெள்ளை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோனாள். திரை ஒருமுறை அணைந்தது... கறுப்பாக எழுந்தது. அதன்மேல் தன் விருப்பத்தை வைத்துச் சேமித்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டிக்.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. தலைவலித் தைலத்தின் வாடை வந்தது. திரையில் எழுத்துகள் இல்லை. வெறும் கறுப்பு.

"சார்... ஒண்ணுமே தெரியலைங்க."

வேதாசலம் குனிந்து பார்த்தார். "இதோ இருக்கேம்மா. அறுபதாம் நம்பர் நூல், நாப்பது மூட்டை. பளிச்சுனு இருக்கு."

அவளுக்குத் தெரியவில்லை. சேமித்ததை மீட்கும் விசையை அழுத்தினாள். கடைசியாகச் சேமித்தது அவளுடையது. அதுதான் வந்திருக்க வேண்டும். வந்தது வெள்ளை. தடித்த எழுத்து. ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அறுபதாம் நம்பர், நாற்பது மூட்டை.

"இருக்கட்டும்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று வேதாசலம் கேட்கவில்லை. அதன்பிறகு அவள் எதையும் மாற்றவில்லை.

சென்னையில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, பார்வையில் குறையே இல்லை என்றார்.

அவள் பதிவில் ஒரு தப்பும் வரவில்லை. ஏப்ரலில் நிரந்தரமாக்கினார்கள்.

அவள் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சிலேட்டில் எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறாள். காஞ்சனாவுக்கு அது வெறும் சிலேட்டாகத்தான் தெரிகிறது. அதையே வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லி வாங்கிப் படிக்கிறாள்.