அறிக்கையில் நான் எழுதிய ஒரு வரி

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இந்தக் கிறிஸ்தவப் பள்ளியைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் அருட்தந்தை அவர்களே, தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, பிள்ளைகளுக்காகத் தூக்கத்தைத் தொலைத்த தாய்மார்களே, தந்தையரே, பரிசு வாங்கப் பரபரத்துக் காத்திருக்கும் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடை கண்டவள் அல்ல. பக்கத்துத் தெரு முதியோர் காப்பகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியாக இருப்பவள். தேர்வில் முதலிடம் பெற்ற மாணவிக்கு என் கையால் பரிசளிக்க அழைத்திருக்கிறீர்கள். அவளுக்கு நீங்கள் வைத்த பெயர் மின்னல். கணக்கா, மின்னல் முந்துவாள். ஓட்டமா, மின்னல் முந்துவாள். கட்டுரையா, அதிலும் அவளே முந்துவாள்.

கைதட்டுகிறீர்கள். நன்றாகத் தட்டுங்கள், பின்வரிசைத் தம்பிகள் விசிலை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சேவைப் பதக்கப் பட்டியலில் அவள் ஏன் இல்லை? சேவை அணித் தலைவியாக இருந்தவளின் பேட்ஜ் எங்கே போனது?

பத்து மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம். வழக்கம்போல் உங்கள் மாணவிகள் எங்கள் காப்பகத்துக்கு வந்தார்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவருக்குச் சாப்பாடு ஊட்டும் வேலை மின்னலுக்கு. அவர் பேருந்து ஓட்டியவர். நாங்கள் டிரைவர் ஐயா என்போம். அரைக் கரண்டி ஊட்டி, அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவள் அப்படித்தான் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று ஆயாக்கள் இருவர் வரவில்லை. இன்னும் ஆறு பேர் பசியோடு கட்டிலில். என் பொறுமை போய்விட்டது.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஒவ்வொரு வாய்க்கும் நின்னு பாக்கணும்னு டாக்டர் சொன்னாரே?"

"அதெல்லாம் பாத்தா பொழுது சாஞ்சிடும். நான் சொல்றேன், சீக்கிரம் ஊட்டு" என்றேன்.

ஊட்டினாள். புரையேறியது. ஐயாவின் முகம் நீலம் பாரித்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்.

அறிக்கை எழுதியவள் நான். 'மாணவி அவசரப்பட்டு ஊட்டினார்' என்று ஒரே வரி எழுதினேன். எல்லோரும் நம்பினீர்கள். நம்பாமல் என்ன? பெயரே மின்னலாயிற்றே! பேட்ஜைக் கழற்றினீர்கள், கட்டில் பக்கம் போகக் கூடாது என்றீர்கள். அவள் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து எங்கள் தட்டுகளைக் கழுவினாள்.

மனம் பொறுக்காமல் ஒருநாள் அவளிடம் போய், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கை ஈரத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "வேணாம்க்கா. எனக்குப் போனது பேட்ஜ்தான். உங்களை வேலைய விட்டு அனுப்பிட்டா, இங்க இருக்கிறவங்களையெல்லாம் புரட்டிப் படுக்க வைக்க யாரு இருக்கா?"

பதினேழு வயதுப் பிள்ளை எங்கள் நோயாளிகளை நினைத்தாள். ஐம்பது வயதுக்காரி நான் என் வேலையை நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

நடந்ததைப் பார்த்தவர் ஒருவர் உண்டு, டிரைவர் ஐயா. அவரால் பேச முடியாது. ஆனால் நான் தட்டோடு போனால் உதட்டை இறுக மூடிக்கொள்வார். வேறு யார் கொடுத்தாலும் வாங்குவார். என் கையால் மட்டும் வாங்க மாட்டார். பத்து மாதம், மூன்று வேளையும் அந்தத் தீர்ப்பைக் கேட்டவள் நான். ஒரு மனிதர் மறுக்கும் இந்தக் கையால், என் தவறுக்காகத் தண்டனை ஏற்ற பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதா? கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீடு திரும்புவேன்?

இன்று காலை அந்த வரியை அடித்துத் திருத்தி, கையெழுத்திட்டு, எங்கள் நிர்வாகியிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. அழாதே மின்னல், உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். எங்கள் ஆட்களைப் புரட்டிப் படுக்க வைக்கப் பெரியவர்கள் நாங்கள் வழி தேடுவோம், அது உன் தலைச்சுமை அல்ல.

தலைவர் அவர்களே, மதிப்பெண் பரிசு காத்திருக்கட்டும். முதலில் அந்த பேட்ஜைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை உங்கள் கையால் அவளுக்குக் குத்துங்கள். காத்திருந்து ஊட்டியவள் அவள். அவசரப்பட்டவள் நான்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.