பத்து வேலை நாள்

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாக இருக்கிறது, ஐயா. ரேணிகுண்டாவில் எங்கள் ஆபீஸ் காபியை வாயில் வைக்க முடியாது.

அங்கே சுங்கக் கிடங்கில் பதினோரு வருடமாக ஆய்வாளராக இருக்கிறேன். வெளிநாட்டுச் சரக்கில் போலி பிராண்ட் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே நாங்கள் அதை நிறுத்திவைக்கலாம். பிராண்டுக்குரிய கம்பெனிக்கு எழுதிக் கேட்போம். பத்து வேலை நாள் அவகாசம். போலி என்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

என் மனைவி உதயாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு முறை புத்தூரில் சம்பத் நடத்தும் டயாலிசிஸ் சென்டருக்குப் போவாள். ஒருநாள் அழைத்துவரப் போனேன். கட்டிலில் படுத்தபடி அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு பக்கத்துல இருந்தா எனுக்கு பயமே இல்லம்மா."

பக்கத்தில் இருந்தவன் சம்பத். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். என்னை அவள் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

போகிக்கு முந்தின நாள் சம்பத்தின் பெயருக்கு டயாலிசிஸ் ஃபில்டர்கள் வந்தன. அட்டையில் பிராண்ட் எழுத்து சற்று மங்கல். நிறுத்திவைத்தேன். பண்டிகை விடுமுறைகள் வேலை நாளில் சேராது.

சம்பத் ஆபீசுக்கு வந்தான். "சார், ஸ்டாக் நாலு நாளுக்குத்தான் கீது. உதயா எப்டி தாங்குவாங்க?"

உங்கள் வீட்டம்மா என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

"ரூல்படிதான் போவணும்" என்றேன்.

மூன்றாவது வேலை நாளே கம்பெனியின் பதில் வந்தது. சரக்கு அசல். படித்தேன், கோப்பில் சேர்க்கவில்லை. சென்டரில் ஃபில்டர் தீர்ந்து டயாலிசிஸ் நின்றது. உதயாவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு இடம் கேட்கச் சொல்லி அவள் அம்மா பச்சையம்மாள் கெஞ்சினார்.

"கேட்டுக்கினுதான் கீறேன், அத்தை" என்றேன். எங்கும் கேட்கவில்லை. சம்பத்தைப் பற்றி அவளே வாய்திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் எட்டாவது வேலை நாள் காலையில் இறந்துபோனாள். என்னால்தான் இறந்தாள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

காரியத்தன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து உங்க பேர அவ வாயால சொன்னதே இல்ல மாப்ள. அவரு, அவருன்னுதான். ஆஸ்பத்திரில படுத்துக்கினு போன் பண்ணாகூட, அவரு கூட்டினு போவ வராரும்மான்னுதான் சொல்லுவா."

அதை நான் நம்பவில்லை, ஐயா. செத்துப்போன மகளின் மானத்தைக் காப்பாற்ற எந்தத் தாயும் அப்படித்தானே சொல்வாள்.