சாக்கில் இருந்த பிரபு தலை

பெயர்: சமுத்திரம், வயது 52, த/பெ ஆண்டிச்சாமி, தென்காசி சாலை, ராஜபாளையம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மகள் கனகலட்சுமியுடன் வசித்து வருகிறேன். ஒன்பதாவது வரை படித்துள்ளேன். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறேன்; ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் எனக்கே கட்டுப் போட ஆள் வேண்டும். மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள்.

இன்று மதியம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, மகள் உள்ளே தன் தோழி மாரீஸ்வரியிடம் செல்போனில், "ஏட்டி, ராணி ஆளுக பிரபு தலைய வெட்டிட்டாகல்லா, அந்தத் தல எங்கிட்டதான் இருக்கு. இன்னும் ஈரம் காயல, சாக்குல சுத்திப் பரண்ல வச்சிருக்கேன். எங்கப்பாட்ட மூச்சு விட்றாத, பயந்தே செத்துருவாரு" என்று பேசியதைக் கேட்டேன். பிரபு என்று எனக்குத் தெரிந்தவர் மினிபஸ் கண்டக்டர் ஒருவர்தான். அவர் என் மகளைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். ராணி யார் என்று தெரியாது.

அதன்பிறகு மகள் குளிக்கப் போனதும் பரணில் கைவிட்டேன். சாக்கு ஈரமாக இருந்தது. புளித்த வாடை அடித்தது. சாக்கின் வாயில் முடி என் விரலில் சுற்றிக்கொண்டது. சத்தம் வெளியே வராமலிருக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. மகள் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தாள். அந்தப் பாட்டுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அதன்பிறகு சாக்கை டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்து, இரண்டு கால்களாலும் அணைத்தபடி மம்சாபுரம் வழியாகச் செண்பகத்தோப்புக் காட்டுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது முழங்காலில் முட்டியது. முட்டும்போதெல்லாம் "மன்னிச்சிரு தம்பி" என்று சொன்னேன்.

வனத்துறைச் சாவடியில் காவலர் சிவபாண்டி நிறுத்தி, "சாக்குல என்னய்யா?" என்றார். தேங்காய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பிரபு" என்று வந்துவிட்டது. அவர் சாக்குக்குள் கைவிட்டு, உடனே கையை வெளியே எடுத்து உதறினார்.

அதன்பிறகு என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்ததும், யாரும் கேட்கும் முன்பே, பிரபுவை நான்தான் வெட்டினேன், என் மகளுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். எதை வைத்து வெட்டினாய் என்று சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு, அரிவாள்மனை என்றேன். எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது. அதன்பிறகு எந்தப் பிரபு என்று கேட்டு, அவர் கண்டக்டருக்குப் போன் போட்டார். "பிரபுதான் பேசுதேன் சார், வன்னியம்பட்டி விலக்குல நிக்கேன்" என்ற குரலைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு சாக்கைப் பிரித்தார்கள். மைதா பசையில் பழைய செய்தித்தாளை ஒட்டிச் செய்த தலை. சவுரி முடி, தாடி, காகிதக் கிரீடம். காதுக்குப் பின்னால் நகைக்கடை விளம்பரம் தெரிந்தது. வரவழைக்கப்பட்ட என் மகள், அது இங்கிலாந்தில் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு இருந்த ரிச்சர்டு என்ற யார்க் பிரபுவின் தலை என்றும், அரியணை தனக்குத்தான் சேரும் என்று சண்டை போட்டுச் செத்தவர் என்றும், அந்நாட்டு ராணியின் ஆட்கள் அவர் தலைக்குக் காகிதக் கிரீடம் சூட்டிக் கோட்டை வாசலில் வைத்தார்கள் என்றும், நாளை கல்லூரி நாடகத்துக்காக அதைச் செய்ததாகவும் கூறினாள். ஆகவே மேற்படி பிரபுவை நான் வெட்டவில்லை. முன்பு ஒப்புக்கொண்டதை ரத்து செய்து, தலையை என் மகளிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, நான் செஞ்சிருப்பேன்னா நெனச்சீங்க?" என்று கேட்டாள். இனி அதே வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்து வீடு வரைக்கும் போக வேண்டும். இப்போது எனக்குள்ள பயம் அது ஒன்றுதான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஆ. சமுத்திரம்