மினுக்காத கருப்பு

இல்ல மொதலாளி, இந்த டயர் பாலிஷ் வேணாம். மூடி உள்ள வைங்க. எண்ணெ தேச்ச தலையாட்டம்ல மினுக்குது. இதெல்லாம் ஸ்ரீரங்கத்து வக்கீல் வீட்டுக் காருக்குப் பூசலாம், பாக்க நல்லாருக்கும். லாரி டயருக்குப் பூசினா, பழைய டயருன்னு அதுவே தம்பட்டம் அடிச்சுச் சொல்லிரும். வாங்க வர்றவன் காறித் துப்பிட்டுப் போயிருவான்.

லாரியக் குடுத்துரலாம்னு இருக்கேங்க. டயரெல்லாம் மொட்டை. இந்தத் தட்டுப்பாட்டுல புது டயரு இப்ப யாரு கால்ல விழுந்தாலும் கெடைக்க மாட்டேங்குது, ஒங்களுக்குத் தெரியாததா? அதான், பூசணும், ஆனா பூசுனது தெரியக்கூடாது. கம்பெனியிலேருந்து நேத்துதான் வந்து எறங்குன மாதிரி மங்கலா இருக்கணும்.

அட, ஏறாத கடை இல்லீங்க. பாலக்கரையில ஒருத்தன் டப்பாவத் தொறந்து பூசிக் காட்டினான், அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம். இது வேணாம்யான்னேன். லாரிக்கு எதுக்கு அலங்காரம், கல்யாணம் பண்ணி வைக்கப்போறியான்னு சிரிச்சான். பொடனியப் புடிச்சு அந்த டயர்லயே மூஞ்சிய வச்சுத் தேச்சு விட்டேன். பல்லு போச்சு அவனுக்கு. மினுமினுப்பு மட்டும் போகல, சனியன்.

நீங்க ஏன் பயப்படுறீங்க? எனக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்தி, அவ்வளவுதான். காட்டூர்ல வந்து மருதைன்னு கேளுங்க, சொல்லுவாங்க.

உள்ள வேற இருக்கா? எடுத்துட்டு வாங்க, நிக்கிறேன்.

இதுவா? சட்டியில வச்சிருக்கீங்க? ஓ, நீங்களே கலக்குறதா. இந்த டயர்ல பூசுங்க, பாப்பம்.

அடேயப்பா! காயக் காயப் பூசுன தடமே இல்லையே. தேச்சாலும் கையில ஒட்டல. இது என்னங்க வாட, புளிச்ச கஞ்சியா? கஞ்சியில வெளக்குப் புகைக்கரியக் கலக்குறதா! ஆமாமா, கஞ்சி மினுக்காதுல்ல. நல்ல மூளைங்க ஒங்களுக்கு. வேற கடையில இது கெடைக்காதுங்களே? திருச்சியிலேயே நீங்க ஒருத்தர்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ராசப்பன்னா ஒங்க பேருதானா, ஒங்க கைச்சரக்குன்னா தனியா? சரி சரி. சந்தோசம்.

ஏங்க எந்திரிக்கிறீங்க? இருட்டா இருக்கா? கடை வாசலுக்குப் பலகை போட்டு மூடுறாங்க, அதான். ஒக்காருங்க. நான் கொண்டாந்த அந்தச் சாக்கப் பிரிங்க. டயருத் துண்டுதான், கடிக்காது. மோந்து பாருங்க. மோந்து பாருய்யான்னா!

பாத்தீங்களா, ஒதடு கிழிஞ்சுபோச்சு. சொன்னா ஒடனே கேக்கணும்.

பலகை போடுறது என் தங்கச்சி பொன்னுத்தாயி. வீரமலை அவ புருஷன். டயரு வாங்கையில ஏமாறவே மாட்டான் அவன். மினுக்குற டயரைக் கண்டா எட்டி ஒதைச்சிட்டு வந்துருவான். ஒங்ககிட்டதான் ஏமாந்தான், ஏன்னா இது மினுக்கலையே. புது டயரு கெடைச்சிருச்சு மச்சான்னு அவ்வளவு சந்தோசமா எங்கிட்ட வந்து சொன்னான். எந்தக் கடைன்னு நான் கேக்கல, பாவிப்பய அவனும் சொல்லல.

சமயபுரம் தாண்டி வெடிச்சிது. வண்டி புளியமரத்துல மோதி, ஸ்டியரிங்கு நெஞ்சுக்குள்ள எறங்கிருச்சு. ரம்பம் போட்டு அறுத்துத்தான் வெளிய எடுத்தோம். அவன் கண்ணத் தொறந்தே வச்சிருந்தான். அன்னிக்குன்னு மழை. டயருக் கருப்பு கரைஞ்சு ரத்தத்தோட ஓடுது, அடியில பாத்தா, மொட்டை டயர்ல கத்தியால புதுசா வரி கீறியிருக்கு. பொன்னுத்தாயி ஒரு துண்ட எடுத்து மோந்து பாத்தா. அண்ணே, இதுல கஞ்சி வாட அடிக்குதுண்ணேன்னா. அழுவல அவ. அன்னிலேருந்துதான் கடை கடையா ஏறி, மினுக்காத கருப்பு இருக்கான்னு கேட்டுக்கிட்டுத் திரியிறேன். எல்லாவனும் மினுக்குறதத்தான் எடுத்து நீட்டினான்.

போலீசக் கூப்பிடுவீங்களா? கூப்பிடுங்களேன். அவங்களுக்கும் அந்தச் சட்டியக் காட்டுங்க.

ச்சே, கால விடுங்க. கும்புடாதீங்க. ஒங்களக் கொல்லணும்னா இந்த ஜாக்கிக் கம்பி ஒண்ணு போதும், மண்டைய எப்பயோ பொளந்திருப்பேன். பொன்னுத்தாயிதான் வேணாம்னுட்டா. வண்டிய ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்திருக்கோம், வெளியதான் நிக்கிது, செங்கல்லு லோடு ஏத்தி. சமயபுரம் வரைக்கும் போயிட்டு வருவோம், வாங்க. நான்தான் ஓட்டுறேன். மெதுவால்லாம் ஓட்ட மாட்டேன். வீரமலை அன்னிக்கு ஒங்ககிட்ட ஜோடியாத்தானே வாங்குனான்? வெடிச்சது முன்னாடி வலது பக்கம். இடது பக்கத்துது அப்படியேதான் கெடக்கு, நீங்க ஒக்காரப்போற பக்கம்.